யூகான் பெண்கள் கூடைப்பந்து அணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பெண்கள் அணியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. இதிலுள்ள கணக்குகள் எல்லாம் 2025 ஏப்ரலில் முடிந்த சீசன் வரையிலானவை.

யூகான் என்றால் எது? எங்கே இருக்கிறது?

கனெக்டிகட் பல்கலைக்கழகத்தைச் சுருக்கி யூகான் என்பார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில், நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் நடுவில் இருக்கும் சின்ன மாநிலம் கனெக்டிகட். அதில் ஸ்டோர்ஸ் என்ற ஊரில்தான் கல்லூரி வளாகம். ஊர் என்று சொன்னாலும் பெரும்பாலும் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். 1881-இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கிய இடம். மாட்டுப் பண்ணையும், அந்தப் பாலில் ஐஸ்கிரீம் செய்து விற்கும் கடையும் இன்றும் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. அணியின் பெயர் ஹஸ்கீஸ். பனிப்பிரதேசத்து நாய்தான் சின்னம்.

சொந்த மைதானங்கள் இரண்டு. வளாகத்துக்குள் 1990-இல் திறந்த கேம்பல் பெவிலியன் ஒன்று, மாநிலத் தலைநகர் ஹார்ட்ஃபோர்டில் உள்ள பெரிய அரங்கம் இன்னொன்று. கேம்பலில் சுமார் 10,000 பேர் உட்காரலாம்.

அணி எப்போது தொடங்கியது?

1974–75 சீசனில். அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன், 1972-இல், அமெரிக்காவில் டைட்டில் நைன் சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் பேதம் காட்டக்கூடாது என்ற சட்டம் அது. அது வந்த பிறகுதான் நாடெங்கும் கல்லூரிகள் பெண்களுக்கான அணிகளை முறையாக அமைத்தன. யூகானும் அந்த வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். முதல் 11 சீசன்களில் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தது ஒரே ஒரு முறை.

பிறகு என்ன மாறியது?

1985-இல் ஜீனோ ஆரியெம்மா வந்தார்.

இத்தாலியில் மோன்டெல்லா என்ற மலையூரில் 1954-இல் பிறந்தவர். 7 வயதில் குடும்பத்தோடு பென்சில்வேனியாவின் நாரிஸ்டவுனுக்குக் குடிபெயர்ந்தார். வர்ஜீனியா பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவருக்கு, தலைமைப் பயிற்சியாளர் வேலை முதன்முதலில் ஸ்டோர்ஸில்தான் கிடைத்தது. சில வருடம் இங்கே இருந்து பெயர் வாங்கிக்கொண்டு பெரிய இடத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் அப்போது அவர் போட்ட கணக்கு. இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்.

முதல் சீசனில் 12 வெற்றி, 15 தோல்வி. அவர் காலத்தில் தோல்விகள் மிஞ்சிய சீசன் அது ஒன்றுதான். 1989-இல் பிக் ஈஸ்ட் லீக் பட்டமும், தேசியப் போட்டியில் ஆட முதல் வாய்ப்பும் கிடைத்தன. அந்த ஆண்டிலிருந்து தேசியப் போட்டிக்குத் தகுதி பெறாமல் ஒரு முறைகூட இருந்ததில்லை. 1991-இல் முதல் முறையாக அரையிறுதி வரை போனார்கள். அங்கே அவர்களைத் தோற்கடித்தது, ஆரியெம்மா முன்பு வேலை பார்த்த அதே வர்ஜீனியா.

2024 நவம்பர் 20 அன்று ஃபேர்லி டிக்கின்சன் அணியை வென்றபோது அது அவருடைய 1,217-ஆவது வெற்றி. ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டர்வீரைத் தாண்டி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண், பெண் இரு பிரிவிலும் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் ஆனார்.

எல்லாப் புகழும் அவருக்கு மட்டும்தானா?

இல்லை. கிரிஸ் டெய்லி என்று ஒருவர் இருக்கிறார். 1985-இல் ஆரியெம்மாவுடன் சேர்ந்தே வந்தவர். அன்றிலிருந்து அவரே அணியின் இரண்டாம் ஆள். ரட்கர்ஸ் கல்லூரிக்காக ஆடி 1982-இல் தேசியப் பட்டம் வென்றவர் அவர். ஆரியெம்மா அப்படி எதையும் ஆடி வென்றதில்லை. 2021 தேசியப் போட்டியின் முதல் 2 ஆட்டங்களுக்கு ஆரியெம்மா கோவிட் காரணமாக வரமுடியவில்லை. டெய்லி பொறுப்பேற்றார், இரண்டையும் பெரிய வித்தியாசத்தில் வென்று கொடுத்தார். ஒரு கல்லூரியில் இரண்டு பேர் 40 ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்ப்பது அமெரிக்க விளையாட்டில் மிக அபூர்வம். யூகானின் வெற்றிக்கு ஒரே காரணம் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். திறமையான பெண்கள் மற்ற கல்லூரிகளுக்கும் போகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

தேசியப் போட்டி எப்படி நடக்கிறது?

சுருக்கமாக: நவம்பரில் சீசன் ஆரம்பம். லீக் ஆட்டங்கள், வெளி அணிகளுடன் ஆட்டங்கள் எல்லாம் முடிந்தபின் மார்ச்சில் 68 அணிகளைத் தேர்ந்தெடுத்து, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தேசியப் போட்டி நடத்தும். தோற்றால் வெளியே. இன்னொரு வாய்ப்பு கிடையாது. கடைசி நான்கு அணிகளும் ஒரே ஊரில் கூடும். அதைத்தான் ஃபைனல் ஃபோர் என்கிறார்கள். பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டி 1982-இல் தொடங்கியது. யூகான் 2025 வரை 24 முறை ஃபைனல் ஃபோருக்குப் போயிருக்கிறது. 2008 முதல் 2022 வரை ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை (2020-இல் கோவிட்டால் போட்டியே நடக்கவில்லை).

ஆட்ட நேரம் 40 நிமிடம். 2015–16 முதல் அதைப் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். அதற்கு முன் இரண்டு அரைகள்தான்.

எத்தனை பட்டங்கள்? இறுதி ஆட்ட முடிவுகள் என்ன?

12 பட்டங்கள். பெண்கள் பிரிவில் இத்தனை வேறு யாரிடமும் இல்லை. ஆண்டு, யூகானிடம் தோற்ற அணி, புள்ளிகள் என்ற வரிசையில்:

1995: டென்னசி, 70–64
2000: டென்னசி, 71–52
2002: ஓக்லஹோமா, 82–70
2003: டென்னசி, 73–68
2004: டென்னசி, 70–61
2009: லூயிவில், 76–54
2010: ஸ்டான்ஃபோர்ட், 53–47
2013: லூயிவில், 93–60
2014: நோட்ரே டேம், 79–58
2015: நோட்ரே டேம், 63–53
2016: சிரக்யூஸ், 82–51
2025: சவுத் கரோலினா, 82–59

இறுதி ஆட்டத்தில் தோற்றது ஒரே ஒரு முறை: 2022-இல் சவுத் கரோலினாவிடம், 49–64.

2004 பட்டத்தில் ஒரு கூடுதல் சுவாரசியம் உண்டு. பெண்கள் அணி வெல்வதற்கு முந்தைய நாள்தான் யூகான் ஆண்கள் அணியும் தேசியப் பட்டம் வென்றிருந்தது. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் கல்லூரி யூகான். 2014-இல் அதையே மறுபடியும் செய்தார்கள்.

1995-ஐப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

அதற்கு முன் யூகான் ஒரு வட்டார அணி. அதற்குப் பின் நாடறிந்த அணி. அந்த சீசனில் ஆடிய 35 ஆட்டங்களிலும் வெற்றி.

1995 ஜனவரி 16 அன்று டென்னசி அணி ஸ்டோர்ஸுக்கு வந்தது. அப்போது தரவரிசையில் டென்னசி முதலிடம், யூகான் இரண்டாமிடம். இரு அணிகளும் மோதியது அதுவே முதல் முறை. யூகான் 77–66 என்று வென்றது. அதையொட்டி வெளியான பட்டியலில் யூகான் வரலாற்றிலேயே முதல் முறையாக முதலிடத்துக்கு வந்தது.

ஏப்ரலில் மின்னியாபொலிஸ் நகரில் இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் டென்னசி. இடைவேளையின்போது யூகான் 32–38 எனப் பின்தங்கியிருந்தது. முக்கியமான மூன்று பேருமே (ரெபெக்கா லோபோ, ஜெனிஃபர் ரிஸாட்டி, காரா வோல்டர்ஸ்) முதல் பாதியிலேயே ஆளுக்கு 3 பவுல் வாங்கிவிட்டார்கள். 5 வாங்கினால் வெளியேற வேண்டும். எனவே அவர்களை பெஞ்சில் வைத்து வைத்துத்தான் ஆட்டத்தை ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டாம் பாதியில் லோபோ ஆட்டத்தைக் கையில் எடுத்தார். கடைசி நிமிடங்களில் ரிஸாட்டி தன் பக்கத்தில் கிடைத்த ரீபவுண்டை (கூடைக்குள் போகாமல் தெறித்து வரும் பந்து) எடுத்து, மைதானத்தின் முழு நீளமும் தனியாக ஓடி, தடுக்க வந்தவரைத் திசைமாற்றிவிட்டுக் கூடைக்குள் போட்டார். பழைய ரசிகர்களிடம் யூகானின் ஒரு காட்சியைச் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள்.

லோபோ அண்டை மாநிலமான மாசசூசெட்ஸில் சவுத்விக் என்ற சிற்றூர்க்காரர். 6 அடி 4 அங்குலம். 1996 ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் வயதில் இளையவர் அவர்தான். 1997-இல் டபிள்யூ.என்.பி.ஏ. தொழில்முறை லீக் தொடங்கியபோது அதன் விளம்பர முகங்களில் ஒருவராக இருந்தார்.

இன்னொரு காரணமும் உண்டு. 1994 முதல் கனெக்டிகட் மாநிலத்தின் பொதுத் தொலைக்காட்சி இந்த அணியின் ஆட்டங்களை ஒளிபரப்பத் தொடங்கியிருந்தது, 2012 வரை தொடர்ந்தது. பெண்கள் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் தேடினாலும் கிடைக்காத காலம் அது. கனெக்டிகட்காரர்களுக்கோ வாரா வாரம் வீட்டுக்குள்ளேயே வந்தது. ஊர்ப் பாட்டிமார்களுக்குக்கூட ரிசர்வ் வீராங்கனைகளின் பெயர் வரை தெரியும் என்பார்கள். எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

டென்னசியோடு அப்படி என்ன பகை?

டென்னசியின் பயிற்சியாளர் பாட் சம்மிட், பெண்கள் கூடைப்பந்தை வளர்த்தெடுத்தவர்களில் முதல் வரிசையில் இருப்பவர். 8 தேசியப் பட்டம் வென்றவர். அவர் அமைதியானவர், தெற்கத்திக் கண்டிப்புக்காரர். ஆரியெம்மாவோ வாய் துடுக்கு. எதிரணியைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு தனிச் சுகம். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்பதில் வியப்பில்லை.

இறுதி ஆட்டங்களில் மோதிய 4 முறையும் யூகான்தான் வென்றது. ஆனால் அதை மட்டும் பார்த்தால் கதை பாதிதான். 1996 அரையிறுதியில் டென்னசி கூடுதல் நேரத்தில் 88–83 என்று பழிதீர்த்தது. 1997-இல் தோல்வியே இல்லாமல் வந்த யூகானை, அரையிறுதிக்கு முந்தைய சுற்றில் 91–81 என்று வெளியே அனுப்பியதும் டென்னசிதான்.

2007-க்குப் பிறகு சம்மிட் இந்தத் தொடரையே நிறுத்திவிட்டார். புதிய வீராங்கனைகளைச் சேர்ப்பதில் யூகான் நடந்துகொண்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பரவலாகத் தெரிந்த சங்கதி. பின்னர் சம்மிட்டுக்கு மறதி நோய் வந்தது தெரிந்ததும், அவருடைய அறக்கட்டளைக்கு 10,000 டாலர் அனுப்பியவர் ஆரியெம்மா. சம்மிட் 2016-இல் காலமானார். 2020 ஜனவரியில் இரு அணிகளும் மறுபடி மோதத் தொடங்கின.

90 வெற்றி, 111 வெற்றி என்கிறார்களே, அது என்ன?

தொடர் வெற்றிகள். யூகான் 2008–2010 காலத்தில் 90 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. ஆண்கள் பிரிவில் யு.சி.எல்.ஏ. கல்லூரி 1970-களில் வைத்திருந்த 88 வெற்றிச் சாதனையை 2010 டிசம்பர் 21 அன்று தாண்டினார்கள். பிறகு 2014 முதல் 2017 வரை 111.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு தொடருக்கும் இடைஞ்சலாக நின்றது ஸ்டான்ஃபோர்ட்தான். 2008 அரையிறுதியில் ஸ்டான்ஃபோர்டிடம் 73–82 என்று தோற்ற பிறகுதான் அந்த 90 ஆரம்பமானது. 2010 டிசம்பர் 30 அன்று அதை 71–59 என்று முடித்துவைத்ததும் ஸ்டான்ஃபோர்ட்தான். 2014 நவம்பரில், 47 ஆட்டங்களாகத் தோல்வி காணாமல் இருந்த யூகானை கூடுதல் நேரத்தில் 88–86 என்று வீழ்த்தியதும் அவர்களே. அதற்கு அடுத்த ஆட்டத்திலிருந்துதான் 111 தொடங்குகிறது. அதாவது 47 வெற்றி, வெறும் 2 புள்ளியில் ஒரு தோல்வி, பிறகு 111 வெற்றி. அந்த 2 புள்ளி மட்டும் வேறு பக்கம் விழுந்திருந்தால் கணக்கு 159.

ஒரு தோல்விகூட இல்லாத சீசன்கள் மொத்தம் 6: 1995, 2002, 2009, 2010, 2014, 2016.

111 எப்படி முடிந்தது?

2017 மார்ச் 31, டாலஸ். அரையிறுதியில் எதிரே மிசிசிப்பி ஸ்டேட். ஏறக்குறைய ஓராண்டுக்கு முன் இதே தேசியப் போட்டியில் யூகான் இவர்களை 98–38 என்று 60 புள்ளியில் நசுக்கியிருந்தது. யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஆனால் மிசிசிப்பி அதை மறக்கவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. 64–64. கடைசி நொடிகளில் பந்து மார்கன் வில்லியம் கையில். 5 அடி 5 அங்குலம்தான். அன்று மைதானத்தில் மிகக் குட்டையானவர்களில் ஒருவர். வலப்பக்கம் இரண்டு அடி பந்தைத் தட்டிக்கொண்டு போய், நின்று, எம்பிப் போட்டார். பந்து காற்றில் இருக்கும்போதே பஸர் அடித்தது. 66–64. அவர் கையை நீட்டியபடி நிற்க, சக வீராங்கனைகள் அவர் மேலேயே விழுந்தார்கள்.

யூகான் பெஞ்சில் ஆரியெம்மா சிரித்தார். கோபச் சிரிப்பு இல்லை. ‘சரி, நடந்துவிட்டது’ என்கிற மாதிரி. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு அந்த மனிதர் மேல் கொஞ்சம் மரியாதையே வந்தது.

மிசிசிப்பி ஸ்டேட் பட்டம் வெல்லவில்லை. இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலினாவிடம் தோற்றது.

2016-க்குப் பிறகு 2025 வரை ஏன் பட்டம் இல்லை?

அந்த 9 ஆண்டு இடைவெளிதான் இந்த அணியின் வரலாற்றில் படிக்கச் சுவையான பகுதி என்பேன். வென்ற கதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தோற்ற கதைகள் ஒவ்வொன்றும் ஒரு விதம்.

2017-ஐப் பார்த்துவிட்டோம். 2018 அரையிறுதியிலும் அதே கதை: கூடுதல் நேரத்தில் 1 நொடி மிச்சமிருக்க நோட்ரே டேமின் அரிகே ஓகுன்போவாலே போட்ட பந்து, 91–89. அவர் அத்தோடு விடவில்லை. 2 நாள் கழித்து இறுதி ஆட்டத்தையும் கடைசி நொடிப் பந்தில்தான் வென்றார். 2019-இல் மறுபடி நோட்ரே டேம், 81–76. 2020-இல் போட்டியே இல்லை. 2021-இல் அரிசோனா, 69–59.

அப்புறம் காயங்கள். பெய்ஜ் பெக்கர்ஸ் முதலாமாண்டு மாணவியாகவே ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதை வென்றவர். அந்த விருதைப் பெற்ற முதல் முதலாமாண்டு மாணவியும் அவரே. 2022 ஆகஸ்டில் முழங்கால் தசைநார் கிழிந்து அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. அந்த சீசனில் அஸி ஃபட்டுக்கும் முழங்கால் பிரச்சினை. 2023 ஜனவரியில் ஒரு கட்டத்தில் ஆட ஆளே இல்லை. உதவித்தொகையில் சேர்ந்த வீராங்கனைகள் குறைந்தது 7 பேராவது ஆடும் நிலையில் இருக்க வேண்டும் என்பது லீக் விதி. யூகானிடம் அந்த 7 பேர் தேறவில்லை என்பதால் டீபால் அணியுடனான ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த மாதம் சவுத் கரோலினாவிடமும் மார்க்வெட்டிடமும் அடுத்தடுத்துத் தோல்வி. அடுத்தடுத்து 2 ஆட்டம் தோற்பது வேறு அணிகளுக்குச் செய்தியே இல்லை. யூகானுக்கோ அது 1993 மார்ச்சுக்குப் பிறகு முதல் முறை! 2023 தேசியப் போட்டியில் ஓஹையோ ஸ்டேட்டிடம் தோற்று, ஃபைனல் ஃபோருக்குப் போகாமலேயே வீடு திரும்பினார்கள்.

2024 அரையிறுதியில் எதிரே கெய்ட்லின் கிளார்க்கின் ஐயோவா. 1 புள்ளி பின்தங்கியிருந்த யூகானிடம் பந்து இருந்தது. மிச்சம் 3.9 நொடி. ஃபட்டுக்கு வழிவிடுவதற்காக அலியா எட்வர்ட்ஸ் தடுப்பாக நின்றார். நின்றாரா, நகர்ந்தாரா என்பதுதான் கேள்வி. நகர்ந்தார் என்று நடுவர் விசில் அடித்தார். பந்து ஐயோவாவுக்குப் போனது. 71–69. விதிப்படி அது பவுல்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட அதே மாதிரி நகர்வுகளை எண்ணிப் பார்த்தால் ரசிகர்களின் கோபத்தில் நியாயம் உண்டு.

2025 எப்படி நடந்தது?

சீசனின் நடுவில் இதைக் கணித்தவர்கள் குறைவு. நோட்ரே டேம், தெற்குக் கலிபோர்னியா, டென்னசி என்று 3 தோல்விகள். திருப்பம் பிப்ரவரி 16 அன்று வந்தது. சொந்த மைதானத்தில் தொடர்ந்து 71 ஆட்டங்கள் வென்றிருந்த சவுத் கரோலினாவை அவர்கள் ஊரிலேயே 87–58 என்று வீழ்த்தினார்கள்.

தேசியப் போட்டியில் ஓக்லஹோமாவுக்கு எதிராக பெக்கர்ஸ் 40 புள்ளி எடுத்தார். அரையிறுதியில் யு.சி.எல்.ஏ.வை 85–51 என்று வென்றது ஃபைனல் ஃபோர் வரலாற்றிலேயே மிகப் பெரிய வித்தியாசம். ஏப்ரல் 6 அன்று டாம்பாவில் இறுதி ஆட்டம். ஃபட் 24 புள்ளி. முதலாமாண்டு மாணவி சாரா ஸ்ட்ராங் 24 புள்ளி, 15 ரீபவுண்ட். பெக்கர்ஸ் 17. போட்டியின் சிறந்த வீராங்கனை விருது ஃபட்டுக்குப் போனது. வெற்றி உறுதியானபின் பெக்கர்ஸ் மைதானத்தைவிட்டு வெளியே வந்து ஆரியெம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். எப்போதும் எதையாவது சொல்லிக் கிண்டலடிக்கும் அந்த 71 வயதுக்காரர் கண்ணிலும் நீர்.

சில நாட்களில் நடந்த டபிள்யூ.என்.பி.ஏ. டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் முறைவைத்துப் புதிய வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) பெக்கர்ஸை முதல் ஆளாக டாலஸ் விங்ஸ் எடுத்துக்கொண்டது.

யூகானின் மிகச் சிறந்த வீராங்கனை யார்?

சண்டை வரும் கேள்வி. சாதனையை வைத்துப் பார்த்தால் பிரியானா ஸ்டூவர்ட். 4 ஆண்டு படித்தார், 4 பட்டம் வென்றார், நான்கிலும் போட்டியின் சிறந்த வீராங்கனை. அவர் ஆடிய காலத்தில் அணி 151 வென்று 5 தோற்றது. 2016 டிராஃப்டில் அவர் முதலிடம், மோரையா ஜெஃபர்சன் இரண்டாமிடம், மார்கன் டக் மூன்றாமிடம். முதல் மூன்றும் ஒரே கல்லூரி.

புள்ளிகளை வைத்தால் மாயா மூர்: 3,036, யூகான் சாதனை. அவர் காலத்தில் 150 வெற்றி, 4 தோல்வி. தொழில்முறையில் உச்சத்தில் இருந்தபோதே 2019-இல் ஆட்டத்தை விட்டு விலகி, தவறாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்த ஜோனதன் ஐரன்ஸ் என்பவரின் விடுதலைக்காக உழைத்தார். விடுதலையும் கிடைத்தது.

என் ஓட்டு டயானா டோராசிக்கு. 2001 அரையிறுதியில் முதலாமாண்டு மாணவியாக 15 முறை கூடைக்கு எறிந்து ஒன்றுதான் உள்ளே போனது, அணியும் தோற்றது. அதற்கடுத்த மூன்று ஆண்டும் மூன்று பட்டம். 2002-இல் சூ பேர்ட், ஸ்வின் கேஷ் போன்ற மூத்தவர்கள் உடனிருந்தார்கள். அவர்கள் படிப்பை முடித்துப் போன பிறகு 2003, 2004 இரண்டையும் பெரும்பாலும் தன் தோளில் சுமந்தவர் டோராசி. பின்னாளில் பேர்ட் 5 ஒலிம்பிக் தங்கமும் டோராசி 6 தங்கமும் வென்றார்கள்.

எதிரணி ஒத்துக்கொண்டு போட்ட புள்ளி என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். 1998 பிப்ரவரி. நைகேஷா சேல்ஸ் 2,176 புள்ளி எடுத்திருந்தார். கெர்ரி பாஸ்கம் வைத்திருந்த கல்லூரிச் சாதனையான 2,177-க்கு ஒன்று குறைவு. அந்த நேரம் பார்த்து அவருக்குக் குதிகால் தசைநார் அறுந்து சீசன் முடிந்துபோனது. அடுத்த ஆட்டம் வில்லனோவாவில். ஆரியெம்மா அவர்களுடைய பயிற்சியாளரிடம் பேசினார், பாஸ்கமிடமும் சம்மதம் கேட்டார். ஆட்டம் தொடங்கியதும் காலில் கட்டோடு நின்ற சேல்ஸ் யாரும் தடுக்காமல் ஒரு பந்தைக் கூடையில் போட்டார். உடனே வில்லனோவாவுக்கும் அதேபோல் ஒரு கூடை. 2–2. அதற்குப் பிறகுதான் நிஜ ஆட்டம்.

நாடெங்கும் ஒரே விவாதம். சாதனையைக் கேலிக்கூத்தாக்கிவிட்டார்கள் என்று ஒரு சாரார், மனிதத்தன்மையோடு செய்தார்கள் என்று இன்னொரு சாரார். எனக்கு முதல் கட்சியின் வாதம்தான் சரியாகப் படுகிறது. ஆனால் சேல்ஸைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆண்களோடு பயிற்சி எடுப்பார்களாமே?

ஆமாம். யூகானில் மட்டுமல்ல, பெரிய பெண்கள் அணிகள் பலவற்றிலும் உள்ள வழக்கம். கல்லூரியில் படிக்கும் ஆண்கள், பள்ளி நாட்களில் நன்றாக ஆடியவர்கள், எதிரணியாக நின்று ஆடுவார்கள். அடுத்த ஆட்டத்தில் வரப்போகும் அணியின் உத்திகளை அவர்கள் ஆடிக்காட்ட, வீராங்கனைகள் அதைச் சமாளித்துப் பழகுவார்கள். தங்களைவிட உயரமும் வேகமும் கூடியவர்களோடு தினமும் மோதியபின் நிஜ ஆட்டம் சுலபமாகத் தெரியும்.

அணி எந்த லீக்கில் இருக்கிறது?

பிக் ஈஸ்ட். 2013 முதல் 2020 வரை மட்டும் அமெரிக்கன் அத்லெடிக் என்ற லீக்கில் இருந்தது. அங்கே லீக் ஆட்டங்களில் 139 வெற்றி, தோல்வி 0. பிக் ஈஸ்டுக்குத் திரும்பிய பிறகு 2022 பிப்ரவரியில் வில்லனோவாவிடம் 72–69 என்று தோற்றபோதுதான், 169 ஆட்டங்களாக நீண்ட லீக் வெற்றித் தொடர் அறுந்தது.

பழைய ஆட்டம் ஒன்றைப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

பெரிய வித்தியாசத்தில் வென்ற ஆட்டங்களை விட்டுவிடுங்கள், சலிப்புத் தட்டும். 2010 இறுதி ஆட்டம் ஸ்டான்ஃபோர்டுடன். முதல் பாதியில் யூகான் எடுத்தது மொத்தமே 12 புள்ளி! அந்த அணியின் வரலாற்றிலேயே மிக மோசமான பாதி அது. எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டுத் தெறிக்கும். இடைவேளையில் 12–20. அங்கிருந்து மாயா மூர் எப்படி ஆட்டத்தைத் திருப்பினார் என்பதைப் பார்க்க வேண்டும். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கடைசி வரை எழுந்திருக்க மாட்டீர்கள்.

நேரலையில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே மாலையில் நடக்கும். நமக்கு அது விடியற்காலை. 2025 இறுதி ஆட்டம் அங்கே ஞாயிறு மதியம் 3 மணிக்குத் தொடங்கியது, இந்திய நேரப்படி திங்கள் அதிகாலை 12.30. நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்திருப்பார்கள். அப்போது ஸ்டோர்ஸில் இரவு 7 மணி என்றால் சென்னையில் மறுநாள் காலை 5.30.